மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

உட்காருங்கள், உட்காருங்கள். பை என்னுடையதுதான். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று வைத்தேன். யாராவது வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். கோயமுத்தூர்தானே? நான் சிங்காநல்லூரில் இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு ஜன்னல் உங்களுக்கு.

கல்யாணத்துக்கா? வேட்டிக் கரையைப் பார்த்ததுமே நினைத்தேன். நல்லது. நான் விசாரணைக்குப் போகிறேன்.

போலீஸ் விசாரணை இல்லை, தள்ளி உட்கார வேண்டாம். கம்பெனி விசாரணை. செல்போன் கம்பெனி. எந்தக் கம்பெனி என்பது எதற்கு, உங்கள் சட்டைப் பையில் இருப்பதே எங்கள் சிம்மாக இருக்கலாம். ஒரு கண்ணாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேரும் என்னைவிட வயதில் சின்னவர்கள். மரியாதையாகத் தண்ணீர் பாட்டிலை முன்னால் நகர்த்திவைப்பார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார்கள். 'தவறுதலாக மாற்றிவிட்டேன்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் ஓய்வு பெறும் வரை என்னை யாரும் அசைக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் இன்றோடு வேலை போகிறது.

சொல்ல மாட்டேன். தவறுதலாக மாற்றவில்லை. தெரிந்துதான் மாற்றினேன். நாளைக்கு உட்கார வைத்தாலும் அப்படியேதான் மாற்றுவேன்.

ஒரு நிமிடம். இல்லை, நின்றுவிட்டது. வீட்டிலிருந்துதான். மிஸ்டு கால். அதை விடுங்கள்.

என் மனைவி சுகுணா. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. செல்போன் வந்த புதிதில், ஒரு நிமிடம் பேசினாலே காசு கரைந்த காலத்தில், நான்தான் சொல்லிவைத்தேன். ஆபீஸ் நேரத்தில் பேசாதே, மணியடித்து நிறுத்திவிடு என்று. ஒரு முறை அடித்தால் 'சாப்பிட்டாயிற்றா' என்று அர்த்தம். விட்டு விட்டு இரண்டு முறை அடித்தால் 'கூப்பிடுங்கள்' என்று அர்த்தம். இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே பணம்தான், ஆனாலும் அவளுக்குப் பழக்கம் போகவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன். மீட்டிங்கில் இருக்கும்போது இது வசதி. நேரம் கிடைக்கும்போது கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு சத்தமான பேச்சு கிடையாது, தெரியுமா? பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டு முறை அடித்ததா? அப்படியா, நான் கவனிக்கவில்லை. இருக்கட்டும்.

நான் என்ன மாற்றினேன் என்று கேட்கவில்லையே நீங்கள். சொல்கிறேன். குண்டடம்கூட வரவில்லை, நிறைய நேரம் இருக்கிறது.

அலைக்கற்றை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏலம் விட்டார்கள், எடுத்தார்கள் என்று. அது கண்ணுக்குத் தெரியாத இடம். அவ்வளவுதான். இந்த பஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை சீட்டுகள்தான், கூட்டவே முடியாது. முன்னால் ஒரு வரிசை பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு. டூஜி என்கிறோமே, அந்தப் பழைய தலைமுறை. மற்ற வரிசை எல்லாம் படம் பார்க்கிற போன்களுக்கு, ஃபோர்ஜி. அந்தப் பக்கம் கூட்டம் நெரிகிறது, படிக்கட்டில் தொங்குகிறார்கள். முன்வரிசையிலோ முக்கால்வாசி நேரம் ஆளே இல்லை. என்ன செய்வீர்கள்? ஆள் இல்லாதபோது மற்றவர்கள் உட்காரட்டும், பட்டன் போன்காரர் ஏறினால் எழுந்து கொடுக்கட்டும் என்பீர்கள். நியாயம். அதைத்தான் செய்தார்கள். யார் எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட ஒரு சாஃப்ட்வேர். தலைமுறைகளுக்குள் அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்வது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்.

எனக்கும் அழகாகத்தான் இருந்தது. எங்கள் வட்டாரத்து டவர்களில் அதை ஓடவிட்டவனே நான்தான். அதற்கான பொறியாளர் நான். இந்தத் தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் உங்கள் போன் எந்த டவரைப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அப்போது எங்கள் மண்டலத் தலைவர் பிரசன்னா ஒரு மீட்டிங்கில் சொன்னான். சொன்னார். பையன் வயதுதான், ஆனால் தலைவர். "சும்மா கிடக்கிற இடத்த ஒருத்தருக்குன்னு ஒதுக்கி வெச்சு என்ன சார் பண்ண? தேவைப்படும்போது கேட்டா கிடைக்கப்போகுது." எல்லோரும் தலையாட்டினோம்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட அயோக்கியத்தனமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குண்டடத்துக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் எங்கள் டவர் இருக்கிறது. டெக்னீஷியன் போன் செய்தான், கேட்டைப் பூட்டிவிட்டார்கள், உள்ளே போக முடியவில்லை என்று. போய்ப் பார்த்தேன். எங்கள் பூட்டுக்கு மேல் எருமை கட்டுகிற சங்கிலியைச் சுற்றி, அதில் ஒரு பெரிய பூட்டு. பக்கத்தில் கட்டிலைப் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். சாமியாத்தாள் என்று பெயர். தோட்டம் அவளுடையது. கணவர் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். தனியாகத் தென்னையும் வெங்காயமும் பார்க்கிறாள்.

"பூட்டத் தொறக்க முடியாதுங்" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே.

என்னம்மா ஆச்சு என்றேன்.

"என்ற மோட்டாரு போன எடுக்க மாட்டீங்குது. நீங்க என்னமோ பண்ணிப்போட்டீங்."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கல்யாணத்துக்குப் போகிறவர் விவசாயியாக இருந்தால். இல்லையா? ஜவுளியா? அப்படியென்றால் சொல்கிறேன். கிணற்று மேட்டு மோட்டார் ரூமில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு சிம். தோட்டக்காரர் தன் போனிலிருந்து அந்த சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர். வந்த உடனே போட வேண்டும். முள்ளிலும் வரப்பிலும் கிணறு வரைக்கும் நடந்து போய்ப் போடுவதற்குள் பாதி முறை முடிந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் மோட்டார் வைத்திருக்கிற எல்லோரும் அதற்கு ஒரு போன் நம்பர் வைத்திருக்கிறார்கள். பெயர் போட்டுச் சேமித்துவைத்திருப்பார்கள். 'பெரிய கிணறு', 'போர்'. ஒருவர் தன் மோட்டாருக்கு மாப்பிள்ளை பெயரை வைத்திருந்தார். "கூப்பிட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான், எடுக்க மாட்டாங்" என்றார்.

அந்தப் பெட்டிகள் எல்லாம் டூஜி. பழைய தலைமுறை. புதியதில் பேசத் தெரியாது.

சாமியாத்தாளுக்கு ஒரு சந்தேகம். டவரில் இன்னொரு குடை, அதாவது ஆன்டெனா, மாட்ட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் வந்து கேட்டார்களாம், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாளாம். அதற்குப் பழிவாங்க அவள் மோட்டார் நம்பரை மட்டும் தேடிப் பிடித்து அணைத்துவிட்டோம் என்று நம்பினாள். நான் சிரித்தேன். அப்படியெல்லாம் இல்லை, உங்கள் பெட்டி பழசாகியிருக்கும், மாற்றுங்கள் என்றேன். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். மாற்றினாள். பூட்டைத் திறந்தாள். அடுத்த வாரமே மறுபடி சங்கிலியைச் சுற்றிவிட்டாள்.

இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன், எனக்கு மனசு கேட்கவில்லை. கிளம்பும்போது சுகுணா வாசலில் நின்றாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேல் ஒரு பிடிவாதம். பையன் புனேவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து, ஞாயிறு காலை மட்டும் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்பாள். என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். சும்மா உட்காருவதற்காம். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். சும்மா ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வைத்து என்னம்மா செய்ய? உனக்குத் தேவைப்படும்போது சொல், நான் வந்துவிடப்போகிறேன் என்று. அதில் என்ன தப்பு? அதற்கப்புறம் அவள் ஞாயிறு பற்றிய பேச்சே எடுப்பதில்லை. சொன்னால் புரிந்துகொள்வாள், அதுதான் அவளிடம் நல்ல குணம்.

குண்டடம். வண்டி நிற்கும். டீ சாப்பிடுகிறீர்களா? இரண்டு நிமிடம்தான் நிற்பான், வேண்டாம்.

எங்கே விட்டேன்? ஞாயிற்றுக்கிழமை. சாமியாத்தாள் கட்டிலில் ஓரமாக எனக்கும் இடம் கொடுத்தாள். மோர் கொடுத்தாள். "ஊட்டுல யாரு இருக்காங்?" என்று கேட்டாள். மனைவி மட்டும்தான் என்றேன். "அவிங்களத் தனியா உட்டுப்போட்டு ஞாயித்துக்கெழம என்ற மோட்டாரப் பாக்க வந்துட்டீங்களாக்கும்" என்றாள். அந்த அம்மாவிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

நான் என் சோதனைக் கருவியை எடுத்து லேப்டாப்பில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த டவரில் டூஜியில் ஒரு அசைவும் இல்லை. முன்வரிசை சீட்டுகளில் எல்லாம் ஃபோர்ஜி உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கும் அதன் விடுதியும் இருக்கிறது. அவர்களுக்கு நல்ல வேகம்.

அப்போது மோட்டார் ரூம் மேலே ஒரு குண்டு பல்பு எரிந்தது. மும்முனை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். தெற்கே ஒருவர் கத்தினார், "கரண்டு வந்திருச்சோய்." அதைக் கேட்டு அடுத்த தோட்டத்துக்காரர் கத்தினார். அதைக் கேட்டு அதற்கடுத்தவர். சத்தம் தோட்டம் தோட்டமாகத் தாண்டி ஓடியது. கண்ணுக்கு எட்டிய வரை எல்லோரும் ஒரே சமயத்தில் மடியிலிருந்து போனை எடுத்தார்கள். வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும். ஒரே நேரத்தில் ஒரே டவரில் அத்தனை பேரும் மோட்டாரைக் கூப்பிட்டார்கள்.

என் திரையில் பார்த்தேன். வந்த அழைப்புகள் எல்லாம் வரிசையாக விழுந்தன. இடமில்லை, இடமில்லை, இடமில்லை. சாஃப்ட்வேர் கெட்டது இல்லை, பாவம். கூட்டத்தைக் கவனித்து ஃபோர்ஜியிடம் எழுந்திரு என்றது. அதுவும் எழுந்தது. ஆனால் அது எழுந்து துடைத்துக் கொடுப்பதற்குள் இவர்கள் இறங்க வேண்டிய ஊர் போய்விட்டது. மிஸ்டு கால் எவ்வளவு நேரம்? ஒரு மணியடி. இரண்டு மணியடி. அதற்குள் கிடைத்தால் உண்டு. அதற்குப் பிறகு கிடைத்து என்ன பிரயோஜனம்? இடத்தை வாங்கிக் கொடுத்த சாஃப்ட்வேர் சுற்றிலும் பார்த்தது. யாரும் இல்லை. சரி என்று மறுபடி ஃபோர்ஜியை உட்காரவைத்தது.

சாமியாத்தாள் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். "கேளுங். தொடர்பு எல்லைக்கு வெளியிலயாம். அந்தா தெரியுது கெணறு. எல்லைக்கு வெளியிலன்னு எவ சொல்றா?"

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் சாய்ந்து சாய்ந்து. அவள் கிணற்றுக்குப் போய்ச் சேரும் வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று முறை மேலே எழுதினேன். பதில் இல்லை. நாலாவது முறை பிரசன்னாவே கூப்பிட்டார். திரையில் ஒரு வரைபடம் காட்டினார். "பாருங்க இளங்கோவன் சார், அந்த டவர்ல டூஜி பேச்சு எத்தன நிமிஷம்? பூஜ்யம். நீங்க கூட்டம் கூட்டம்ங்கிறீங்க." மிஸ்டு காலில் பேச்சு ஏது? யாரும் எடுப்பதில்லை, யாரும் பேசுவதில்லை. கூப்பிட்டதை எண்ணுங்கள், பேசியதை எண்ணாதீர்கள் என்றேன். சரி என்று அதையும் எடுத்துக் காட்டினார். "இதுவும் வாரா வாரம் குறையுது, பாருங்க. தேவை இல்லைன்னுதானே அர்த்தம்?"

எனக்கு வந்த கோபம். அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் உண்மை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இனி இது எடுக்காது என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னேன். இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். "சார், மணி அடிக்கிறது நின்னுபோச்சுன்னா தேவை தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம் இல்ல. நம்பிக்கை தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."

நல்லா இருக்கிறதா? யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் வந்தது.

அவர் பழைய பாட்டையே பாடினார். சும்மா கிடக்கிற இடம், தேவைப்படும்போது கிடைக்கும். அன்று சாயங்காலமே மாற்றினேன். அந்தப் பக்கத்து டவர்களில் முன்வரிசையில் கொஞ்சம் இடத்தைத் தனியாக எடுத்து, இது டூஜிக்கு மட்டும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறு யாரும் உட்காரக் கூடாது என்று பூட்டினேன். கணினியில் ஒரு எண்ணை மாற்றுவதுதான்.

அடுத்த முறை மும்முனை வந்தபோது நான் அங்கே இருந்தேன். கத்தல் கேட்டது, எல்லோரும் போனை எடுத்தார்கள். ஒன்று, இரண்டு, பிறகு நாலா பக்கமும் மோட்டார் சத்தம். கிணறுகளெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்த மாதிரி. சாமியாத்தாள் கட்டிலிலிருந்து எழவே இல்லை. சங்கிலியைத் தட்டிக்காட்டினாள். "பூட்டுப் போட்டாத்தானுங் உங்குளுக்கெல்லாம் காது கேக்குது" என்றாள். தன் பூட்டினால்தான் எல்லாம் நடந்தது என்று இன்றைக்கும் நம்புகிறாள். நான் திருத்தவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் திருத்தவில்லை.

என்னது? மறுபடியும் அடித்ததா? ஆமாம், அவள்தான். இரண்டு முறை. எனக்குத் தெரியும் எதற்கென்று. இன்றைக்குக் கரூருக்குப் போகிறாள், அவள் அக்கா வீட்டுக்கு. தாராபுரத்தில் பதினொரு மணி வண்டி. போவதற்கு முன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று காலையிலேயே சொன்னாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு விசாரணை, என் தலையில் வேறு எதுவும் ஏறாது, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றேன். சரி என்றாள். பிறகும் கூப்பிடுகிறாள் என்றால் என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இருக்கும். வேறு என்ன இருக்கப்போகிறது? இப்போது அந்தக் குரலைக் கேட்டால் என் உறுதி கரைந்துவிடும். அதனால் எடுப்பதாக இல்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பார்த்தால் இரண்டு பெரிய பெட்டி. போதாததற்கு மாவு அரைக்கிற கிரைண்டரைத் துணியில் சுற்றி ஆட்டோவுக்குத் தயாராக வாசலில் வைத்திருக்கிறாள். அவள் அம்மா வீட்டில் வாங்கிக் கொடுத்த கிரைண்டர். கிரைண்டர் எதற்கு என்றேன். "அக்கா வீட்டுது ரிப்பேருங்க" என்றாள். நாலு நாள் விருந்துக்குக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சிரிப்பாக இல்லை?

உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சரி.

விசாரணை எப்படி வந்தது என்று சொல்கிறேன். பொங்கலூர் வந்துவிட்டது பாருங்கள், இனி பல்லடம் வேகமாக வந்துவிடும். நான் இடத்தைப் பூட்டியதும் ஃபோர்ஜி வேகம் குறைந்தது. பாலிடெக்னிக் விடுதியிலிருந்து புகார் மேல் புகார். மாவட்டத்தில் வேகத்தில் முதலாவதாக இருந்தோம், கீழே இறங்கினோம். யார் கை வைத்தது என்று தேடினார்கள். என் பெயர்தான் இருந்தது, நான் மறைக்கவில்லையே.

அந்தப் புகார்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் ஒரு பெண், கடைசி வருஷம். வேலைக்கு வீடியோவில் நேர்காணல். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நின்றுவிட்டதாம். மறுபடி வரவே இல்லையாம். சண்டை போட்டு எழுதவில்லை. "என் தவறு என்ன என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

என்ன சொல்வது? அவள் படம் உறைந்த நேரத்தில் நான் பூட்டிய இடம் ஒருவேளை சும்மாவே கிடந்திருக்கும். மும்முனை இல்லாத நேரம். யாரும் உட்காராத சீட்டுக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்துவிட்டேன். எத்தனை நாள் யோசித்திருப்பேன். நான் சாமியாத்தாளுக்காகச் செய்தேனா, பிரசன்னாவைத் தோற்கடிப்பதற்காகச் செய்தேனா? இரண்டும் இருந்திருக்கும். என் வயதில் மனிதன் எதையும் ஒரே காரணத்துக்காகச் செய்வதில்லை. என்னை நானே விடுவதில்லை, தெரியுமா? மற்றவர்களைக் கேட்பதைவிட என்னை நான் கடுமையாகக் கேட்பேன். என்னிடம் நான் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்காது.

ஆனால் எத்தனை முறை சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வழி செய்ய வேண்டும் என்றால் இன்னொரு டவர் போடட்டும். அதற்கு மனமில்லாமல் கிழவியின் சீட்டைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பகிர்வு என்று பெயர் வைக்கிறார்கள். கேட்கும்போது கொடுப்பேன் என்கிறவன் கொடுப்பவன் இல்லை. எல்லாவற்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கிறவளைக் கேட்டுக்கொண்டே இருக்கவைக்கிறவன். உனக்கென்று இவ்வளவு, நீ வந்தாலும் வராவிட்டாலும் இது உன்னுடையது என்று சொல்கிறவன்தான் கொடுக்கிறவன். இதை நான் அந்தக் கண்ணாடி அறையில் சொல்லப்போகிறேன். இப்படியே. ஒரு வார்த்தை மாற்றாமல்.

பிரசன்னா நேற்று தனியாகக் கூப்பிட்டார். நல்ல பையன், அதை மறுக்க முடியாது. "சார், தவறுதலா நடந்ததுன்னு சொல்லிருங்க. நானே பழையபடி வெச்சுக்கறேன். உங்கள இழக்க எனக்கு மனசு இல்ல" என்றார். அந்த மோட்டார்கள் என்ன ஆகும் என்றேன். "ஃபைவ்ஜி வந்தாச்சு சார். அடுத்த வருஷம் ஃபோர்ஜியே இடம் விடணும். நீங்க எத்தன தலைமுறைக்குப் பூட்டுப் போடுவீங்க?" என்றார்.

எத்தனை தலைமுறைக்கு வேண்டுமானாலும் போடுவேன் என்றேன். வைத்துவிட்டேன்.

சாமியாத்தாளுக்குப் போன் செய்து சொல்லலாம் என்று நேற்று நினைத்தேன், அம்மா, பெட்டி மறுபடி எடுக்காமல் போகலாம் என்று. செய்யவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நான் விட்டுக்கொடுத்தால்தானே எடுக்காமல் போகும். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். அப்போது அதை மாற்றிய கை அவர்களுடையது. 'தவறு' என்று அதன் மேல் என் கையெழுத்து இருக்காது. உங்களுக்கு இது வீம்பாகத் தோன்றலாம். சுகுணாவுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

பல்லடம் தாண்டியதே தெரியவில்லை. சூலூரா இது? நேரம் என்ன ஆயிற்று? பதினொன்று தாண்டிவிட்டதா.

பாருங்கள், பொங்கலூருக்கு முன்னால் அடித்ததுதான். அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. நீங்களும்தானே பக்கத்தில் இருந்தீர்கள், ஏதாவது கேட்டதா? இல்லையே. டவரும் முழுசாகக் காட்டுகிறது. வண்டி ஏறியிருப்பாள். அவ்வளவுதான், புரிந்துகொண்டாள். பேச வேண்டிய அவசியம் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாளே. இனி ஒன்றும் தேவையிருக்காது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி, உங்கள் திருப்திக்கு. இதோ. அடிக்கிறது, கேட்கிறதா? ஒரு முறை. நிறுத்திவிட்டேன். போதும். எடுத்துப் பேச வேண்டியதில்லை. என் நம்பரைப் பார்த்தாலே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். அங்கே எல்லாம் தானாக ஓடும்.

சிங்காநல்லூர் வந்துவிட்டது, வழி விடுங்கள். கல்யாணம் நன்றாக நடக்கட்டும். நான் சொல்ல மாட்டேன், நீங்கள் பாருங்கள். தப்பு என் மேல் என்று இந்த வாயிலிருந்து எவனும் வரவழைக்க முடியாது.